கணினி மொழிகளில் வழக்கொழிவு

நன்னூல் கற்ற மாணாக்கர் அதன் இறுதிச் சூத்திரத்தை எளிதில் மறந்திருக்கமாட்டார். பவணந்தி முனிவர் எழுத்துக்கும் சொல்லுக்கும் உரிய விதிகளையெல்லாம் வகுத்துக் கூறியபின், காலப்போக்கிற் சில வழக்குகள் வீழ்ந்துபோதலும் வேறு சில வந்து சேர்தலும் குற்றமாகா என்று ஒரு வாயிலைத் திறந்துவைத்தே நூலை நிறைவு செய்கின்றார். விதி செய்த ஒருவர், தாம் செய்த விதி மாறும் என்பதையும் ஒரு விதியாக எழுதிச் சென்றமை எம்மைப் போன்ற இளைஞர்க்கு அக்காலத்தில் வேடிக்கையாக இருந்தது. பல்லாண்டு கணினித் துறையில் உழன்றபின்னரே அச் சூத்திரத்தின் அருமை எனக்கு விளங்கிற்று.

மக்கள் பேசும் மொழியில் வழக்கொழிவு ஒருவர் ஆணையால் நிகழ்வதன்று. இன்ன சொல்லை இன்ன திங்கள் முதல் வழங்கலாகாது என்று எவரும் பறையறைவதில்லை. சொல் மெல்ல மெல்ல நாவினின்றும் நீங்கும். ஏட்டில் மாத்திரம் எஞ்சியிருக்கும். பின்வருவோர் அதன் பொருளறியாது மயங்குங்கால் உரையாசிரியர் ஒருவர் கைகொடுப்பார். நச்சினார்க்கினியர் இலராயின் பத்துப்பாட்டிலும் கலித்தொகையிலும் பல இடங்கள் எமக்கு அடைத்த கதவாகவே இருந்திருக்கும்.

கணினிக்கென ஆக்கப்பெற்ற மொழிகளிலும் வழக்கொழிவு உண்டு. ஆயின் அங்கே அதற்கு நாள் குறிக்கப்படுகின்றது. நாள் குறிப்போரும் உளர். இவற்றினும் பெரிய வேறுபாடு, இயந்திரத்திற்கு உரையாசிரியர் இல்லை என்பதாம். ஒழிந்துபோன வழக்கொன்றைக் காணும் இயந்திரம், ஒன்றில் வாசிக்க மறுத்து நின்றுவிடும். அன்றேற் பழைய குறியீட்டுக்குப் புதிய பொருளை ஏற்றிக்கொண்டு தன்பாட்டில் நடந்துகொண்டேயிருக்கும். முன்னையது தொல்லை, பின்னையதே ஆபத்து. ஆகவே, ஒரு விதியை ஒழிக்க எண்ணுவோர் அவ்விதியை நம்பி ஏற்கெனவே எழுதி வைத்தவர்க்கு என்ன கடன்பட்டிருக்கின்றார் என்ற வினா, பேச்சு மொழியில் எழாதது, இங்கே எழுகின்றது. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

இத்துறையிற் பழக்கமில்லாத அன்பர் பொருட்டு இரண்டொரு சொல். கணினி செய்யவேண்டிய தொழிலைப் படிப்படியாக எழுதிய கட்டளைத் தொகுதி செய்நிரல் எனப்படும். அஃது எழுதப்படும் மொழிக்கு இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்தின்படி செய்நிரலை வாசித்து இயக்கும் மென்பொருள் மொழிமாற்றி அல்லது தொகுப்பான் எனப்படும். இலக்கணம் திருத்தப்பெறுந்தோறும் புதிய பதிப்பெண் இடப்படும். நூலொன்றின் இரண்டாம் பதிப்பு வந்தால் முதற் பதிப்பு அலுமாரியிற் கிடந்து யாருக்கும் தீங்கு செய்யாது. மொழியின் புதிய பதிப்போ, பழைய பதிப்பில் எழுதிய செய்நிரல்கள் இன்றும் சம்பளப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கும்பொழுதே வந்து சேர்கின்றது.

பழைய விதி இருந்துவிட்டுப் போகட்டுமே, ஏன் ஒழித்தல் வேண்டும் என்பார் உளர். அவர்க்குச் சீ மொழியின் வரலாறு விடை கூறும். அம்மொழியிற் கெற்ஸ் என்றொரு சார்பு இருந்தது. வெளியிலிருந்து வரும் ஒரு வரியை வாங்கி நினைவகத்தில் இடுவது அதன் தொழில். இடும் இடம் எவ்வளவு கொள்ளும் என்று அது கேட்பதில்லை. கொத்துப் பேணியில் ஒரு புசல் நெல்லைக் கொட்டினால் மிகுதி தரையிற் சிந்தும். நினைவகத்திலோ அயலில் இருந்ததன்மேற் சிந்தி அதனை அழித்துவிடும். 1988 நவெம்பர் 2 ஆந் திகதி அமெரிக்காவில் இணையத்தில் விடப்பட்டு ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறச் செய்த மொரிஸ் புழு, உட்புகக் கையாண்ட வழிகளுள் ஒன்று இச்சார்பின் ஓட்டையேயாம். எனினும் மறு ஆண்டு இயற்றப்பெற்ற சீ மொழியின் நியமத்திற் கெற்ஸ் இடம்பெற்றது. 1999 ஆம் ஆண்டு நியமத்திலும் இருந்தது. 2011 ஆம் ஆண்டு நியமத்திலேதான் நீக்கப்பட்டது. கேடு என்று உலகறிந்தபின்னும் 23 ஆண்டுகள்! அறியாமையால் அன்று, அதனைப் பயன்படுத்திய செய்நிரல்கள் எங்கெங்கு உள்ளன என்று எண்ணி முடியாமையால் வந்த தயக்கம் அது.

இதற்கு மறுகோடியில் நிற்பது போட்ரான். 1957 இல் ஐ.பீ.எம். நிறுவனம் வெளியிட்ட இம்மொழி, அறிவியற் கணிப்புக்கென எழுந்தவற்றுள் மூத்தது. அதன் நியமக் குழுவினர் 1990 ஆம் ஆண்டு நியமத்தில் வழக்கொழியத்தக்கன எவையென ஒரு பட்டியல் சேர்த்தனர். அவற்றுட் சிலவற்றை 1995 ஆம் ஆண்டு நியமத்தில் நீக்கினர். ஓர் எண் மறையாயின் ஓரிடத்திற்கும், பூச்சியமாயின் வேறோரிடத்திற்கும், நேராயின் பிறிதோரிடத்திற்கும் தாவுக என்னும் கூற்றொன்று தொடக்க நாள் முதலே அம்மொழியில் இருந்தது. அது நியமத்தினின்றும் நீங்க 2018 ஆயிற்று. அப்பொழுதும் தொகுப்பான் செய்வோர் பலர் அதனைக் கைவிட்டாரல்லர். நியமம் கழித்ததைத் தொகுப்பான் இன்னும் ஏற்றுக்கொள்கின்றது. பாட்டனார் எழுதிய உறுதி பேரனுக்கும் செல்லுபடியாகும் நிலை இது. நல்லதுதான். ஆயினும் அதன் சுமையைத் தொகுப்பான் செய்வோர் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

இவ்விரு கோடிகளுக்கும் இடையில் நிகழ்ந்த ஒரு பெரும் மாற்றத்தையே இனி விரிவாகக் கூற விரும்புகின்றேன். அது பைதன் என்னும் மொழியில் நிகழ்ந்தது. எம் நாட்டில் க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப மாணவர் கற்கும் மொழியும் அதுவே. கைடோ வான் ரொசம் என்னும் ஒல்லாந்தர் 1989 நத்தார் விடுமுறையில் அதனை ஆக்கத் தொடங்கி 1991 இல் வெளியிட்டார். (பெயர் மலைப்பாம்பைக் குறித்ததன்று, பீ.பீ.சீ. நகைச்சுவைத் தொடரொன்றின் பெயரிலிருந்து எடுத்தது. மாணவர் புத்தக அட்டையிற் பாம்பு வரைவதை நான் தடுப்பதில்லை.) இரண்டாம் பதிப்பு 2000 ஆம் ஆண்டில் வந்தது. முதலிற் செய்த பிழைகள் சில வேரோடிப்போயின என்றும், அவற்றைச் சிறிது சிறிதாகத் திருத்த முடியாதென்றும், ஒருமுறை துணிந்து பழையதோடு உறவை முறித்தே திருத்தல் வேண்டுமென்றும் ஆக்கியோர் முடிவு செய்து, 2008 டிசெம்பர் 3 ஆந் திகதி மூன்றாம் பதிப்பை வெளியிட்டனர்.

மாற்றங்களுட் பலரும் அறிந்தது பிரிண்ட் என்னும் கூற்றைப் பற்றியது. முன்னர் அடைப்புக்குறியின்றி எழுதப்பட்ட அது, பின்னர் அடைப்புக்குறியோடு எழுதப்படும் சார்பாயிற்று. இதனைப் பற்றி எழுந்த ஆரவாரம் பெரிது, தீங்கு சிறிது. பழைய முறையில் எழுதினால் மொழிமாற்றி அவ்வரியிலேயே நின்று பிழை என்று கூறிவிடும். திருத்திக்கொண்டு போகலாம்.

வகுத்தல் அவ்வாறன்று. இரண்டாம் பதிப்பில் 7/2 என்று எழுதினால் விடை 3. இரு நிறைவெண்களை வகுத்தால் ஈவு மாத்திரம் தரப்படும், பின்னம் விடப்படும். ஆயின் 7.0/2 என்று எழுதினால் விடை 3.5. ஒரே குறியீடு, கையில் வந்த எண்ணின் வகையைப் பொறுத்து இரு வேறு பொருள் தந்தது. ஐந்து பாடங்களில் ஒரு மாணவன் பெற்ற புள்ளிகளின் கூட்டுத்தொகை 374 எனக் கொள்வோம். சராசரி 74.8, முழுவெண்ணாக்கினால் 75. பழைய வகுத்தலோ முதலிலேயே 74 என்று வெட்டிவிடும்; பின்னர் எவ்வளவு முழுவெண்ணாக்கினும் இழந்தது மீளாது. இத்தகைய களவை ஒழிப்பதற்காகவே மூன்றாம் பதிப்பில் 7/2 என்பதன் விடை 3.5 ஆக்கப்பட்டது, ஈவு மாத்திரம் வேண்டுவோர் இரட்டைக் கோடிட்டு 7//2 என்று எழுதல் வேண்டும். திருத்தம் நியாயமானதே. ஆனால் இது சத்தமிடாத் திருத்தம். பழைய செய்நிரலிற் காணும் ஒற்றைக் கோட்டைப் புதிய மொழிமாற்றி பிழையென்று கூறாது. வேறு விடையைத் தந்துவிட்டு மேலே செல்லும்.

இதில் யானும் அகப்பட்டேன். பரீட்சை மண்டபங்களுக்கு மாணவரைப் பங்கிடும் சிறிய செய்நிரலொன்றை இரண்டாம் பதிப்பில் எழுதியிருந்தேன். மாணவர் 100 பேர், மண்டபம் நான்கு, மண்டபத்துக்கு 25 பேர். பெயர்ப் பட்டியலில் ஒவ்வொருவர்க்கும் பூச்சியம் முதல் 99 வரை எண்ணிட்டு, அவ்வெண்ணை 25 ஆல் வகுக்க வரும் ஈவு பூச்சியமாயின் முதலாம் மண்டபம், ஒன்றாயின் இரண்டாம் மண்டபம் என்றிவ்வாறு அமைத்திருந்தேன். பல தவணை குறைவின்றி நடந்தது. பின்னர் ஒரு புதிய கணினி வந்தது. அதில் மூன்றாம் பதிப்பு இருந்தது. பிரிண்ட் கூற்றுக்கு அடைப்புக்குறி இட்டேன். செய்நிரல் எவ்வித முறைப்பாடுமின்றி ஓடிற்று. மறுநாட் காலை பரீட்சை. மாலையில் அச்சிட்டுப் பார்த்தால் மண்டபத்துக்கு ஒரு பெயராக நான்கே பெயர்கள்! எண் 25 ஐ 25 ஆல் வகுத்தால் ஒன்று வரும்; 26 ஐ வகுத்தால் 1.04 அன்றோ வரும்? 1.04 உடையவனுக்கு எந்த மண்டபத்திலும் இடமில்லை. தொண்ணூற்றாறு பிள்ளைகள் மண்டபமின்றி நின்றனர். அன்றிரவு கையாற் பட்டியல் எழுதினோம். பிழை என்னுடையதே. இதனை எச்சரிக்கும் வழியொன்று ஏழாண்டுக்கு முன்னரே அம்மொழியில் வைக்கப்பட்டிருந்ததை யான் அறியாதிருந்தேன்.

அவ்வழியாவது: 2001 இல் வந்த 2.2 ஆம் பதிப்பிலேயே இரட்டைக் கோட்டு வகுத்தல் சேர்க்கப்பட்டுவிட்டது. அத்தோடு, செய்நிரலின் தலையில் ஒரு வரி எழுதினால், அச்செய்நிரலுக்கு மாத்திரம் வகுத்தல் புதிய முறையில் நடக்கும். அவ்வரியைத் தமிழிற் சொன்னால் "எதிர்காலத்திலிருந்து வகுத்தலைக் கொணர்க" என்பதாகும். புலவர் கற்பனை போலத் தோன்றினும் மொழியின் உண்மையான தொடரே அது. இதன் சிறப்பை நோக்குக: ஈவு வேண்டுமிடத்தில் இரட்டைக் கோடும், தலையில் இவ்வரியும் இட்டு எழுதிய செய்நிரல், பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஒரே விடையைத் தரும். பழைய வீட்டில் இருந்துகொண்டே புதிய வீட்டின் முறைப்படி வாழப் பழகலாம். குடிபெயரும் நாளில் அதிர்ச்சியில்லை.

மூன்றாவது மாற்றம் தமிழராகிய எமக்கு மிக நெருங்கியது. கணினியில் எழுத்துக்கள் யாவும் எண்களாகவே வைக்கப்படும். ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைற்று போதும், யூ.ரி.எவ். 8 என்னும் முறையில் தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைற்றுகள் வேண்டும். இரண்டாம் பதிப்பிற் சரம் எனப்பட்டது உண்மையில் எழுத்துத் தொடரன்று, பைற்றுத் தொடர். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றியமையின் வேறுபாடு எவர் கண்ணிலும் படவில்லை. "தமிழ்" என்ற சொல்லின் நீளம் யாது என்று அம்மொழிமாற்றியை வினவினால் 15 என்று விடை கூறும். முதலெழுத்தைத் தா என்றால் தகரத்தின் மூன்றிலொரு பங்கை வெட்டித் தரும். அதை எந்தத் திரையிலும் வாசிக்க முடியாது. யூனிகோட் சரம் என்று வேறொரு வகையும் அங்கிருந்தது. இரண்டும் கலந்தால் மொழிமாற்றி தானே ஒன்றை மற்றொன்றாக மாற்ற முயலும். ஆங்கிலப் பெயராயின் மாற்றம் நடக்கும். தமிழ்ப் பெயர் வந்தவுடன் செய்நிரல் விழும். ஆங்கிலப் பெயர்களைக் கொண்டே சோதித்தவர் தம் செய்நிரல் செவ்வையானது என்று நம்பி அனுப்பிவிடுவார். குற்றம் தமிழ்ப் பெயரின்மேல் வந்துவிழும்.

மூன்றாம் பதிப்பில் சரம் என்றால் யூனிகோட் எழுத்துத் தொடரே. பைற்றுத் தொடர் வேறு வகை. இரண்டும் தாமாகக் கலவா. இப்பொழுது "தமிழ்" என்பதன் நீளம் 5. மூன்று அன்றோ என்று தமிழாசிரியர் கேட்பார்; அவர் கேள்வி சரியே. மகரம் ஒன்றும் இகரக் குறி ஒன்றும், ழகரம் ஒன்றும் புள்ளி ஒன்றும் தனித்தனி எண்ணப்படுதலின் ஐந்தாயிற்று. மொழியின் திருத்தம் பாதி வழிதான் வந்தது. மீதி எம்மவர் செய்யவேண்டியது. எனினும் மாறிகளுக்கு மாணவர், புள்ளி, சராசரி என்று தமிழிலேயே பெயரிடலாம் என்பதும் மூன்றாம் பதிப்பாற் கிடைத்த பேறே.

நேர்மையாகச் சொல்வதாயின், இத்திருத்தத்தின் பயன் பெரும்பாலும் எம்மைப் போன்றவர்க்கும் சீனர், அரபியர் முதலியோர்க்கும் கிடைத்தது. செலவில் ஒரு பெரும் பங்கை, ஆங்கிலத்தில் மாத்திரம் எழுதிக் குறையொன்றும் காணாதிருந்தவர் கொடுக்க நேர்ந்தது. அவர் முணுமுணுத்ததை யான் குறைகூறேன். நல்ல விதியாயினும், அதனாற் பயனடையாதவரின் உழைப்பை வேண்டி நிற்கும்பொழுது அவருக்கு வழியமைத்துக் கொடுப்பது விதி செய்தவர் கடன்.

இங்கேதான் ஆக்கியோர் முதலிற் சறுக்கினர். அவர் போட்ட திட்டம் இது: பழைய செய்நிரலைப் புதிய இலக்கணத்திற்கு மாற்றித் தரும் கருவியொன்றை வழங்குவோம்; ஒவ்வொருவரும் தம் செய்நிரலை ஒருமுறை அதனூடாக மாற்றிக்கொண்டு புதிய பக்கம் வந்துவிடலாம். தனியொருவர் தமக்கென எழுதிய செய்நிரலுக்கு இது பொருந்தும். ஆயின் இக்காலத்திற் செய்நிரல் எதுவும் தனித்து நிற்பதில்லை. பிறர் எழுதி வழங்கிய பல தொகுதிகளின்மேல் ஏறி நிற்கின்றது. அத்தொகுதிகள் மாறாதவரை யான் மாற முடியாது. தொகுதி எழுதியவரோ, தம்மை நம்பியிருப்போர் இன்னும் பழைய பக்கத்தில் இருக்கும்பொழுது அவரைக் கைவிட்டு மாற முடியாது. நீ முதலிற் போ என்று ஒருவர்க்கொருவர் வழிவிட்டு, எல்லாரும் படலையிலேயே நின்றனர்.

வழி திறந்தது வேறு முறையால். ஒரே செய்நிரலை இரு பதிப்பிலும் ஓடுமாறு எழுதுதல் என்ற நடைமுறையைத் தொகுதி எழுதுவோர் தாமே கண்டெடுத்தனர். அதற்குத் துணையாகச் சிக்ஸ் என்றொரு சிறு தொகுதி வழங்கிற்று. இரண்டையும் மூன்றையும் பெருக்க ஆறு என்பதே பெயர்க் காரணம். ஆக்கியோரும் தம் பிடிவாதத்தைத் தளர்த்தினர். யூனிகோட் சரத்தின் முன் யூ என்னும் எழுத்தை இடுதல் பழைய வழக்கு. புதிய பதிப்பில் எல்லாச் சரமும் யூனிகோட் ஆகையின் அது வேண்டப்படவில்லை. வேண்டாததை ஏன் வைத்தல் வேண்டும் என்று நீக்கியிருந்தனர். அந்த ஓரெழுத்து இல்லாமையால் ஒரே செய்நிரல் இரு பக்கமும் ஓடுதல் கடினமாயிற்று. 2012 இல் வந்த 3.3 ஆம் பதிப்பில் அதனை மீள ஏற்றுக்கொண்டனர். அதற்குப் பொருள் ஒன்றுமில்லை. இடினும் இடாவிடினும் ஒன்றே. பொருளற்ற அவ்வெழுத்தை ஏற்றுக்கொண்டமை பல பெருந் திருத்தங்களினும் மிகுதியான பயன் தந்தது என்பதே என் கருத்து. 2015 இல் 3.5 ஆம் பதிப்பில், பைற்றுத் தொடருள் மதிப்புகளை இட்டு நிரப்பும் பழைய முறையொன்றும் இவ்வாறே திரும்பி வந்தது.

பழைய பதிப்பின் இறுதி நாள் முதலில் 2015 எனக் குறிக்கப்பட்டது. 2014 இல் அது 2020 வரை நீட்டப்பட்டது. 2.8 ஆம் பதிப்பு என்றொன்று வாராது என்று அறிவிக்க ஓர் ஆவணமே எழுதினர். தேடிய பக்கம் இல்லை என்று இணையம் கூறுங்கால் வரும் 404 என்னும் எண்ணையே அதற்கு இட்டமை அவர்தம் குறும்பு. டியாங்கோ என்னும் பெருந்தொகுதி 2013 இற் புதிய பதிப்புக்கு முதலில் இடங்கொடுத்து, 2017 டிசெம்பரில் வெளியான தன் 2.0 பதிப்பிற் பழையதைக் கைவிட்டது. 2020 சனவரி முதலாந் திகதியோடு இரண்டாம் பதிப்புக்கான பராமரிப்பு முடிந்தது, ஏப்பிரிலில் 2.7.18 என்னும் கடைசி வெளியீடு வந்தது. புதியது வந்த நாளிலிருந்து பழையது மூடப்பட்ட நாள் வரை பதினோராண்டுகள். ஒரு பிள்ளை முதலாம் வகுப்பிற் சேர்ந்து சாதாரணதரப் பரீட்சை எழுதும் காலம்.

இப்பட்டறிவின்பின் அம்மொழியார் நடையை மாற்றிக்கொண்டனர். பெருமுறிவு ஒன்றாக அன்றி, ஆண்டுதோறும் வரும் வெளியீடுகளிற் சிறுசிறு விதிகளை முன்னறிவித்து நீக்குகின்றனர். ஒன்றை நீக்குமுன் குறைந்தது இரண்டு வெளியீடுகளிலேனும் எச்சரிக்கை கொடுத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. எச்சரிக்கை என்றதும் ஒரு கதை உண்டு. 2010 இல் வந்த 2.7 ஆம் பதிப்பில், இவ்வகை எச்சரிக்கைகளைத் திரையிற் காட்டாது மறைத்துவிட்டனர். செய்நிரலைப் பயன்படுத்தும் கணக்காளர்க்கு அவ்வெச்சரிக்கை விளங்காது, அவராற் செய்யக்கூடியதும் ஒன்றில்லை என்பது காரணம். நியாயந்தான். ஆனால் எழுதியவன் கண்ணிலும் அது படாது போயிற்று. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பர். இது பூட்டிய அறையில் ஊதிய சங்கு. கலெக்சன்ஸ் என்னும் தொகுதியிற் சில பெயர்கள் வேறிடம் மாறியமை 2012 இலேயே குறிக்கப்பட்டது; 3.9 இல் நீக்க எண்ணி, பலர் இன்னும் மாறவில்லை என்று கண்டு பிற்போட்டு, 2021 இல் 3.10 ஆம் பதிப்பில் நீக்கினர். ஒன்பதாண்டு அறிவித்தலின் பின்னும், அன்றுதான் கேள்விப்பட்டவர் போலத் திகைத்தவர் பலர். 2018 இல் 3.7 ஆம் பதிப்பு முதல், தானே எழுதி நேரே இயக்கும் செய்நிரலிலாயினும் எச்சரிக்கை தோன்றுமாறு செய்தமை இக்குறையைச் சிறிது போக்கிற்று. 2024 ஒக்தோபரில் வந்த 3.13 ஆம் பதிப்பிற் பயன் குன்றிய 19 தொகுதிகள் ஒருங்கே நீக்கப்பட்டன. பழையதைப் புதியதாக மாற்றித் தர 2008 இல் வழங்கிய அந்தக் கருவியும் அதே பதிப்பில் நீக்கப்பட்டது.

பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் இரண்டாம் பதிப்பில் எழுதிய செய்நிரல்கள் இன்னும் கிடக்கின்றன. ஒன்றைக் கையிலெடுக்கும் மாணாக்கர் உடனே திருத்தத் தொடங்கலாகாது. முதலிற் பழைய பதிப்பிலேயே அதனை இயக்கி, அறிந்த தரவு ஒன்றுக்கு அது தரும் விடைகளையெல்லாம் ஒரு கோப்பிற் சேமித்து வைத்தல் வேண்டும். வகுத்தற் கோடு வருமிடந்தோறும் ஈவா, முழு விடையா வேண்டுவது என்று வினவித் தெளிதல் வேண்டும். புள்ளியும் சொல்லும் கலந்த பட்டியலை வரிசைப்படுத்தும் இடத்தையும் நோக்குக. பழைய பதிப்பில் எந்த எண்ணினும் எந்தச் சொல்லும் பெரியது. ஆகவே புள்ளிக்குரிய இடத்தில் "வரவில்லை" என்று எழுதப்பட்ட மாணவன் நூறு பெற்றவனையும் முந்தி முதலிடம் பெறுவான்! புதிய பதிப்பு இவ்வொப்பீட்டைச் செய்ய மறுக்கும். இவையெல்லாம் திருத்தியபின் புதிய பதிப்பில் அதே தரவை இட்டு, இரு விடைக் கோப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிடுதல் வேண்டும்.

மண்டபப் பட்டியலாற் பட்டபின் யான் என் புள்ளிப் பட்டியற் செய்நிரலை இம்முறையிலேயே மாற்றினேன். வகுத்தலைப் பற்றி அஞ்சி, அதில் முன்னரே 2.0 ஆல் வகுத்திருந்தமையின் மாற்றம் ஒன்றும் இராதென்று நம்பினேன். ஒப்பிட்டபொழுது ஒரே ஒரு வரி வேறுபட்டது. இரு வினாத்தாள்களிற் கூட்டுத்தொகை 149 பெற்ற ஒரு மாணவி, சராசரி 74.5. பழைய கோப்பில் அவள் புள்ளி 75, தரம் ஏ. புதிய கோப்பிற் 74, தரம் பீ. முழுவெண்ணாக்கும் சார்பின் விதியும் மூன்றாம் பதிப்பில் மாறியிருந்தது: சரிபாதி வருமிடத்து எப்பொழுதும் மேலே செல்லாது, அயலிலுள்ள இரட்டையெண்ணை நாடும். 75.5 ஆயின் 76, 74.5 ஆயின் 74. நீண்ட கணிப்புகளிற் பக்கச்சாய்வு நேராதிருக்க அறிவியலார் விரும்பும் முறை அது. வகுப்பாசிரியர் அறிந்த முறை அதுவன்று. அவ்வரியை நீக்கி, புள்ளியோடு 0.5 கூட்டிப் பின்னத்தை விடுக என்று எம் வழக்கத்தை வெளிப்படையாக எழுதினேன். மீண்டும் ஒப்பிட்டபொழுது இரு கோப்புகளும் ஒத்தன.